பலகையில் ஐந்தாவது பெயர்

எனக்கு ரோபோவைப் பற்றி அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. சான்ஜோ ஊரின் அந்த உயர்நிலைப் பள்ளியில் நான் சமையலும் தையலும் சொல்லிக்கொடுத்தேன். ரோபோ மன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இயற்பியல் ஆசிரியர் ஏப்ரலில் மாற்றலாகிப் போனார். எந்த மன்றப் பொறுப்பும் இல்லாமல் கைவீசித் திரிகிறவள் நான் ஒருத்திதான் என்று தலைமையாசிரியர் கண்டுபிடித்துவிட்டார். "சும்மா முத்திரை குத்தினா போதும் டீச்சர், பசங்களே எல்லாத்தையும் பாத்துக்குவாங்க" என்றார். அதற்குக் குரங்கே போதுமே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் படிப்பு முடித்துப் போனதும் மன்றத்தில் நாலு பேர்தான் மிச்சம். ஐந்து பேர் இல்லாத மன்றத்தை மாணவர் பேரவை கலைத்துவிடும். அறையும் போகும், பணமும் போகும். மன்றத் தலைவன் இகராஷி தெப்பெய் பத்து நாள் கெஞ்சிப் பார்த்தான், எவரும் வரவில்லை. கடைசியில் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறதுதான் நடந்தது. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு முகத்தையே காட்டாத ஆளைச் சேர்ப்பது. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களைப் பேய் உறுப்பினர் என்போம். மரத்தடியிலும் கிணற்றிலும் இருக்கிற பேயை விட இந்தப் பேய்கள்தான் எங்கள் நாட்டில் அதிகம்.

தெப்பெய் பிடித்த பெயர் மருயாமா சாயோ. அவன் வகுப்பில் ஜன்னலோரம் ஒரு மேசை காலியாகக் கிடந்தது. அதற்குரிய பெண் முதலாண்டு ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கு வரவில்லை. அவளுக்கான தாள்களை வாரம் ஒருமுறை அவள் வீட்டுத் தபால்பெட்டியில் போடுவது தெப்பெயின் வேலை, ஏனென்றால் அவன் வீடு அதே தெருவில். அந்தத் தாள்களோடு சேர்க்கைப் படிவத்தையும் செருகி வைத்தான். அடுத்த வாரம் போனபோது படிவம் அதே பெட்டியில் திரும்பி வந்து கிடந்தது. பென்சிலால், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற எழுத்தில் பெயர் எழுதியிருந்தது.

"அவங்கம்மா எழுதிக் குடுத்திருப்பாங்க டீச்சர். நமக்கென்ன, அஞ்சு ஆச்சுல்ல" என்றான். நான் முத்திரை குத்தினேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பலகையைத் திறக்கிறார்கள். மரப்பலகை அல்ல, கம்ப்யூட்டரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிற பலகை. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டையின் மேல் செய்ய வேண்டியவரின் பெயர். இடப்பக்கம் 'செய்ய வேண்டியது', நடுவில் 'நடக்கிறது', வலப்பக்கம் 'முடிந்தது'. வேலையைச் செய்தவர் தன் அட்டையைத் தானே வலப்பக்கம் நகர்த்த வேண்டும். இதோடு அரட்டைக்கு ஒரு பக்கம், எல்லோரும் சேர்ந்து எழுதுகிற கோப்பு, படங்கள் போட்டுவைக்க ஒரு பெட்டகம். பேரவையின் பதிவேட்டில் உள்ள பெயர்கள் இங்கும் இருக்க வேண்டும் என்பதால் தெப்பெய் ஐந்து பேருக்கும் அழைப்பு அனுப்பினான்.

அவர்களிடம் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருந்தது. ஒரு மதியத்துக்குள் முடியாத வேலையை அட்டையில் எழுதக் கூடாது. எழுதினால் அதைத் துண்டு போட வேண்டும். 'கை செய்' என்று எழுத முடியாது. 'கைக்கான தகட்டில் மூன்று துளை போடு' என்றுதான் எழுதலாம். துண்டு போடுவதில் குமாகுரா ரிஹோ கெட்டிக்காரி. இரண்டாம் ஆண்டுப் பெண், மின்கம்பி வேலையெல்லாம் அவள் கையில். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

யாருக்கும் பிடிக்காத வேலைகளைச் சாயோவின் தலையில் கட்டுவது கோடையில் விளையாட்டாக ஆரம்பித்தது. பெட்டகத்தில் கன்னாபின்னாவென்று பெயர் வைத்த ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. அதைச் சீர்படுத்த ஓர் அட்டை போட்டு, மேலே மருயாமா சாயோ என்று எழுதிவிட்டான் தெப்பெய்.

"பேய்க்குத்தான் தூக்கம் கிடையாதே, பண்ணட்டும்" என்றான்.

"பாவம்டா, செத்தும் வேலை செய்யணுமா?" என்றாள் ரிஹோ.

"யாருடி செத்தது? இந்தப் பேச்செல்லாம் வேணாம்" என்று அவன் அதட்டினான். மற்ற இரண்டு பையன்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை மதியம் நான் அறைக்குள் போனபோது நாலு பேரும் ஒரே திரையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. படங்களை அடுக்கும் அட்டை 'முடிந்தது' பக்கத்தில் நின்றது. பெட்டகத்தைத் திறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் தேதி, எந்தப் பாகம், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று பெயர். ஒன்றுகூடத் தப்பில்லை.

"யாரு பண்ணது? சத்தியமா சொல்லுங்க" என்றான் தெப்பெய். ஒருவரும் இல்லை. நான்கூட ஒரு நொடி என்னையே சந்தேகப்பட்டேன்.

சோதித்துப் பார்க்க இன்னொரு அட்டை போட்டார்கள். கம்பிகளின் நிறப் பட்டியல். மறுநாள் முடிந்திருந்தது, அடியில் ஒரே சொல்: 'புரிந்தது.' தெப்பெய் அரட்டையில் எழுதினான்: 'மருயாமா, நீதானா?' பதில் இல்லை. 'எப்படி இருக்கே?' பதில் இல்லை. 'யாரு நீ?' அதற்கும் இல்லை. அட்டை போட்டால் மட்டும் வேலை நடக்கும். கேள்வி கேட்டால் பலகை ஊமையாகிவிடும்.

அதைவிட மோசம், சேர்ந்து எழுதுகிற கோப்பு. யாராவது உள்ளே வந்தால் அவர்கள் பெயரோடு ஒரு சிறு வண்ணக் கோடு திரையில் சிமிட்டும். ரிஹோ ஒருநாள் ரோபோ போட்டிக்கான அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஊதா நிறத்தில் 'மருயாமா சாயோ' என்ற கோடு வந்து, அவள் எழுதுகிற வரியின் முனையில் நின்றது. அவள் எழுதினால் அதுவும் நகர்ந்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. ஓர் எழுத்துகூடப் போடவில்லை. ரிஹோ நாற்காலியோடு பின்னால் சரிந்தாள்.

"டீச்சர், யாரோ முதுகுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு. வாசனை மட்டும்தான் வரல" என்றாள். அவள் கை சில்லிட்டிருந்தது. நான் அதட்டி ஒரு மிட்டாயைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

நவம்பர் வந்து பனி விழ ஆரம்பித்ததும் அரட்டையில் ஒரு செய்தி வந்தது. யாரும் கேட்காத செய்தி, அதுவே முதல் தடவை. 'ரோபோவின் பின் இடது சக்கரம் செவ்வாய் முதல் கீச்சிடுகிறது. மேலும், மேற்கு ஜன்னல் சரியாக மூடவில்லை.' நாங்கள் திரும்பிப் பார்த்தோம். மேற்கு ஜன்னலில் விரல் நுழைகிற இடைவெளி. கீழே பெஞ்சின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது.

அப்புறம் ரிஹோ அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். அங்கே ஒரு பழைய மடிக்கணினி திறந்தபடி இருந்தது. கோடைக்கு முன்னால் ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று அதில் வீடியோ அறை ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். அவனுக்குக் காய்ச்சல் விட்டது, அறையை மூட எவருக்கும் தோன்றவில்லை. தெப்பெய் நாற்காலி போட்டு ஏறி ஒரு விசையைத் தட்டினான். திரை வெளிச்சமானது. ஓரத்தில் 'இருப்பவர்கள்: 2' என்று இருந்தது. ஒன்று எங்கள் அறை. மற்றது வெறும் கறுப்புச் சதுரம், அடியில் ஐந்தாவது பெயர். அந்த அறையில் நாங்கள் பேசிய வம்பு, சிரித்த சிரிப்பு, செத்துப்போன பேய் என்று அடித்த கிண்டல், எல்லாமே அந்தக் கறுப்புக்குள் போயிருக்கிறது.

தெப்பெய் மூடியின் மேல் கையை வைத்தான்.

"மூடாதடா!" என்று கத்தினாள் ரிஹோ. "மூடினா அவ எங்கடா போவா?"

அவன் கையை எடுத்துவிட்டான். கறுப்புச் சதுரத்தில் ஒரு அசைவும் இல்லை.

அவளுடைய வகுப்பாசிரியர் நாகுமோவைத் தேடிப்போனேன். நல்ல மனிதர், ஆனால் எதையும் பாதிதான் சொல்வார். நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்ட பிறகு மீதியும் வந்தது.

"ரெண்டு தடவை வீட்டுக்குப் போனேன் டீச்சர். கதவு இடுக்குல அம்மா மட்டும்தான் தெரிஞ்சாங்க. தூங்குறான்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணை நான் பாத்து ஒண்ணரை வருஷம் ஆகப்போகுது. உண்மையைச் சொல்லணும்னா முகமே மறந்துபோச்சு."

"இப்ப அவ நிலைமை என்ன சார்?"

"பிப்ரவரி கடைசில ஆசிரியர் கூட்டம். அதுக்குள்ள நேர்ல வந்து, பேரைக் கூப்பிட்டா பதில் சொன்னா, இதே வகுப்புல இன்னொரு வருஷம் இருக்கலாம். வரலைன்னா பேரை எடுத்துருவாங்க. பேர் போனா பள்ளி குடுத்த டேப்லெட், இணையக் கணக்கு எல்லாத்தையும் சேத்து மூடிருவாங்க."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். கணக்கை மூடினால் பலகை மூடும், கோப்பு மூடும், அலமாரி மேலிருக்கும் அறையும் மூடும். கறுப்புச் சதுரத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே வழி அதுதான்.

தெப்பெயைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை முற்பகல் அந்த வீட்டுக்குப் போனேன். மாடியில் தகரக் கதவு இறக்கிய ஒரு ஜன்னல். தெருவிலிருந்து வாசல்வரை பனியில் ஒரே ஒரு சோடி காலடிதான் போயிருந்தது. அம்மா கதவைத் திறந்தார். சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த உணவுப் பிரிவில் வேலை பார்ப்பவர், கையில் எண்ணெய் தெறித்த சிறு தழும்புகள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதம் ஒருமுறை வருவார்.

நான் மன்றத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் கடுத்தது. "எந்த மன்றம்? நான் எதுலயும் கையெழுத்துப் போடலீங்களே. யாரோ எம் பொண்ணு பேரை வச்சு விளையாடுறாங்களா?"

"இல்லம்மா. அவ பேருல தினமும் வேலை நடக்குது."

"அவ ரூமை விட்டே வர்றதில்ல டீச்சர். சாப்பாட்டுத் தட்டை வாசல்ல வைப்பேன், காலியா திரும்ப இருக்கும். நான் வேலைக்குப் போனப்புறம் குளிக்கிறா போல, துண்டு ஈரமா இருக்கும். அவ குரலைக் கேட்டே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சில நாள்..." அவர் குரலைத் தாழ்த்தினார். "சில நாள் உள்ள ஆள் இருக்கான்னே எனக்குச் சந்தேகம் வந்துடும். எலி கிலி வந்து சாப்பிடுதோன்னு நினைப்பேன். பெத்தவ நினைக்கிற நினைப்பா இது?"

தேநீர் வைத்துவிட்டு அவரே சொல்லிக்கொண்டு போனார். சாயோ பிறந்தது பனி அடைத்த ஜனவரியில். ஐந்து வயதில் வீட்டுச் சோற்றுக் குக்கரை முழுக்கக் கழற்றி, அடி வாங்கிய பிறகு அழுதுகொண்டே திரும்பப் பூட்டினாள். குக்கர் இன்றும் ஓடுகிறது. நடுநிலைப் பள்ளியில் மேசைப் பந்து அணியில் மாற்று ஆட்டக்காரியாக மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்தாள், முறுமுறுத்ததே இல்லை. உயர்நிலைப் பள்ளியில் முதல் ஜூன் மாதம் காய்ச்சல். சரியாகி, பள்ளி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். யாரும் அடிக்கவில்லை, யாரும் கேலி பண்ணவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். ஒருநாள் போகவில்லை, மறுநாள் போவது இன்னும் கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான். காரணம் என்று ஒன்று இருந்திருந்தால் தூக்கிப் போட்டு மிதித்திருப்பேன் என்றார் அம்மா.

மாடிக்குப் போனோம். மூடிய கதவு, முன்னால் தட்டு. அம்மா மென்மையாகக் கூப்பிட்டார். "சாயோ, ஸ்கூல்லேருந்து வந்திருக்காங்க." பதில் இல்லை. கதவுக்குப் பின்னால் காற்று நின்றுபோன மாதிரி ஓர் அமைதி. நான் காதை வைத்துக் கேட்டேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் யாரும் இல்லை என்றுதான் அந்த நிமிடம் நம்பினேன். யாரும் இல்லையென்றால் எங்கள் கோப்பில் நிற்பது யார்?

தெப்பெய் தொலைபேசியை எடுத்தான். பலகையைத் திறந்து ஓர் அட்டை எழுதினான். எனக்குத் திரை தெரிந்தது. 'பொறுப்பு: மருயாமா சாயோ. வேலை: கதவை உள்ளிருந்து ஒருமுறை தட்டவும்.'

அட்டை இடப்பக்கம் நின்றது. நடுவுக்கு நகர்ந்தது. 'நடக்கிறது.'

டக்.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அட்டை வலப்பக்கம் போய் நின்றது.

அதன்பிறகு எங்களுக்கு வேலை ஒன்றுதான்: அவளைக் கூட்டத்துக்கு முன்னால் பள்ளிக்கு வரவைப்பது. தெப்பெய் பெரிய எழுத்தில் 'பள்ளிக்கு வா' என்று அட்டை போட்டான். அது அசையவே இல்லை. ஜனவரி பாதிவரை அங்கேயே கிடந்தது. மற்ற வேலைகள் நடந்தன, இது மட்டும் இல்லை. தெப்பெய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"எத்தனை தடவை கெஞ்சுறது? வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

"உன் அட்டையைப் பாருடா முட்டாள்" என்றாள் ரிஹோ. "ஒரு மதியத்துல முடியிற வேலையா அது? நம்ம விதியை நீயே மறந்துட்டியே. தள்ளு, நான் துண்டு போடுறேன்."

அவள் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். 'தகரக் கதவை ஒரு கை அகலம் தூக்கவும்.' 'பகலில் விளக்கை அணைக்கவும்.' 'குளிர்காலக் கோட்டைத் தேடி எடுக்கவும்.' 'கோட்டைப் போட்டு ஐந்து நிமிடம் உட்காரவும்.' 'அறைக் கதவைத் திறக்கவும்.' 'மாடிப்படி இறங்கவும்.' பூட்ஸ், வாசல், தபால்பெட்டி, பானம் விற்கிற இயந்திரம் இருக்கும் மூலை, பாலம், பள்ளி வாசல், வகுப்பறை. எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

தகரக் கதவு அன்றே நகர்ந்தது. தெப்பெய் வீடு திரும்பும்போது பார்த்தான்: இறங்கிக் கிடந்த ஜன்னலின் அடியில் ஒரு கை அகலக் கறுப்பு இடைவெளி. அதற்குள் ஏதோ இருந்தது, பார்த்தது, என்றான். ஓடிவந்துவிட்டானாம். விளக்கு அணைந்தது. கோட்டு கிடைத்தது. கோட்டைப் போட்டு உட்காரும் அட்டை ஒரு வாரம் நடுவில் நின்று, பிறகு முடிந்தது. 'அறைக் கதவைத் திறக்கவும்' நடுவுக்கு வந்தது, திரும்ப இடப்பக்கம் போனது. மறுநாளும் நடுவுக்கு வந்து திரும்பியது. பிப்ரவரி முழுக்க அந்த அட்டை வருவதும் போவதுமாக இருந்தது. இருட்டறையில் ஒருத்தி கதவுக்கும் கட்டிலுக்கும் நடப்பதைப் பலகை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் அவள் அம்மா எனக்குத் தொலைபேசியில் பேசினார். குரலில் நம்பிக்கை பொங்கியது. "நான் இப்ப வேலைக்கே போறதில்ல டீச்சர். அன்னிக்குத் தட்டினாள்ல, அதுலேருந்து கதவு முன்னாலயே உக்காந்திருக்கேன். அங்கயே படுத்துக்கிறேன். சமைக்க மட்டும்தான் எழுந்திருக்கிறேன். அவ எந்த நிமிஷம் திறந்தாலும் நான் இருப்பேன்."

நானும் நல்லதம்மா என்றுதான் சொன்னேன்.

கூட்ட நாள் மதியம், கூட்டத்துக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கும்போது, ரிஹோ ஓடிவந்து தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பலகையில் புது அட்டை ஒன்று. நாங்கள் யாரும் போடவில்லை. சாயோ தானாக ஓர் அட்டை எழுதியது அதுதான் முதல் தடவை. பொறுப்பு என்ற இடத்தில் மன்றத்தில் இல்லாத ஒரு பெயர்.

'பொறுப்பு: அம்மா. வேலை: கதவின் முன்னாலிருந்து எழுந்து போகவும்.'

கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த வீட்டு மாடியில் அம்மா மெத்தை விரித்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்காமல் அட்டையைக் காட்டினேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"அப்ப இத்தனை நாளா அவ பயந்தது எனக்கா டீச்சர்?" என்று கிசுகிசுத்தார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையை மடித்தார், மெத்தையைச் சுருட்டினார். படியில் பாதி இறங்கி நின்று கேட்டார். "நான் எழுந்துட்டேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? இதை யாரு நகர்த்தணும்?"

"வேலையைச் செஞ்சவங்கதான் நகர்த்தணும்."

சமையலறையில் நின்றபடி அவரையும் மன்றத்தில் சேர்த்தேன். ஆறாவது பெயர். அவர் காரை எடுத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் கடையின் வண்டி நிறுத்தத்துக்குப் போனார். நான் பள்ளிக்குத் திரும்பினேன். நாலு பேரும் திரையின் முன்னால் இருந்தார்கள். அம்மாவின் அட்டை தட்டுத் தடுமாறி வலப்பக்கம் போனது, ஒருமுறை தவறி நடுவில் விழுந்து, மறுபடி போனது.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு 'அறைக் கதவைத் திறக்கவும்' நகர்ந்தது. மாடிப்படி. பூட்ஸ். வாசல். ரிஹோ அழ ஆரம்பித்துவிட்டாள். தபால்பெட்டி. இயந்திர மூலை. பாலம் வந்ததும் பலகை நின்றுவிட்டது. வெளியே பனி வலுத்தது. தெப்பெய் கோட்டை எடுத்தான்.

"நான் பாலத்துக்குப் போறேன்."

"போகாத. எதிர்ல யாராவது நின்னா திரும்பிடுவா. அவங்கம்மாவையே எழுப்பி அனுப்பியாச்சு, நீ போய் நிக்கப்போறியா?" என்றாள் ரிஹோ.

பாலம் நகர்ந்தது. உடனே 'பள்ளி வாசல்' நகர்ந்தது. எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். வாசலில் யாரும் இல்லை. பனியில் ஒரு தடம்கூட இல்லை. "டீச்சர், அங்க ஆளே இல்லையே" என்றான் ஒரு பையன். திரும்பிப் பார்த்தால் 'வகுப்பறை' அட்டையும் 'முடிந்தது' பக்கத்தில் இருந்தது.

அப்போது நாகுமோ என் தொலைபேசிக்கு அழைத்தார். "டீச்சர், கொஞ்சம் கீழ வர்றீங்களா? வகுப்பு விட்டு எல்லாரும் போயாச்சு. ஜன்னலோர மேசையில யாரோ உக்காந்திருக்காங்க."

சைக்கிள்கள் நிறுத்துகிற பின்வழியாக வந்திருக்கிறாள். விளக்குப் போடாத வகுப்பறையில், தலைமுடியிலும் தோளிலும் பனி உருகிச் சொட்ட, மேசையின் மேல் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் படாத தோல், முடி இடுப்புவரை. எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. துணைத் தலைமையாசிரியரும் வந்து நின்றார். நான் அம்மாவுக்குத் தொலைபேசி போட்டு, பேசாமல் கேளுங்கள் என்று சொல்லி, அதைக் கையில் உயர்த்திப் பிடித்தேன்.

நாகுமோ பதிவேட்டை விரித்தார். "மருயாமா சாயோ."

ஜன்னல் கண்ணாடியில் பனி மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாகுமோ இரண்டாவது முறை கூப்பிடவில்லை, காத்திருந்தார். அந்த மனிதரை நான் முழுசாக மன்னித்தது அப்போதுதான்.

"இருக்கேன்."

தாழ்ந்த, கரகரத்த குரல். வளர்ந்த பெண்ணின் குரல். நாகுமோ பேனாவை எடுத்துப் பதிவேட்டில் குறித்தார்.

நான் தொலைபேசியைக் காதில் வைத்தேன். மறுமுனையில் காரின் ஹீட்டர் சத்தம் மட்டும்.

"டீச்சர், யாரது பேசினது?"

"சாயோதாம்மா."

"இல்லீங்க. எங்க சாயோ குரல் இப்படி இருக்காது. சின்னப் பொண்ணு குரல் அவளுக்கு." மூச்சை இழுத்து விட்டார். பிறகு மெல்லக் கேட்டார். "அவளை இன்னொரு தடவை சொல்லச் சொல்றீங்களா? நான் பழகிக்கிறேன்."